சென்னையை நடுங்க வைத்த ‘எம்டன்’!

தருமபுரி மாவட்டத்தில் கடல் கிடையாது.

ஒகேனக்கல்லில் காவிரி உண்டு. காவிரியில் பரிசல் உண்டு. இந்த மாவட்டத்து மக்கள் கண்ணால் கண்டு பழகிய கலம் அதுதான்.

ஆனால், ஒரு போர்க்கப்பலின் பெயர் மட்டும் இங்கே வீட்டுக்கு வீடு தெரியும்!

பையன் யாருக்கும் அடங்காமல் ஆட்டம் போடுகிறான். “இவன் சரியான எம்டன்!” என்கிறார் பாட்டி.

சந்தையில் ஒருவர் பேரம் பேசி விலையைப் பாதியாகக் குறைக்கிறார். “ஆள் எம்டன் அப்பா! இவரிடம் நம் ஜம்பம் பலிக்காது” என்கிறார் வியாபாரி.

எம்டன் என்றால் என்ன?

எமனோடு சேர்ந்த சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. அதுதான் இல்லை!

எம்டன் என்பது ஜெர்மனியில் உள்ள ஓர் ஊர். அந்த ஊரின் பெயரை ஒரு போர்க்கப்பலுக்கு வைத்தார்கள். அந்தக் கப்பல் ஒரே ஒரு நாள் இரவு சென்னைக்கு வந்தது. அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. போய்விட்டது.

ஆனால், அதன் பெயர் போகவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தமிழர் நாவில் நிற்கிறது. மலையாளத்தில்கூட, மிகப் பெரிய பொருளை “எமண்டன்” என்கிறார்கள். அதுவும் இந்தக் கப்பலால் வந்த சொல்தான் என்று சொல்வார்கள்.

அப்படி என்ன செய்தது அந்தக் கப்பல்?

மூன்று புகைபோக்கி, ஒரு பொய்ப் புகைபோக்கி

எம்டன் பெரிய கப்பல் அல்ல. 1908-ம் ஆண்டு கடலில் இறக்கப்பட்டது. நீளம் சுமார் 390 அடி. 10 பீரங்கிகள். கப்பலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 360 பேர். நிலக்கரியை எரித்து ஓடும் கப்பல். மணிக்கு சுமார் 27 மைல் வேகத்தில் போகும். அந்தக் காலத்துக்கு அது நல்ல வேகம்.

அப்போது சீனாவில் சிங்தாவ் என்ற துறைமுகம் ஜெர்மானியர் கையில் இருந்தது. எம்டன் அங்கேதான் இருந்தது. பார்ப்பதற்கு அழகாக இருந்ததால், “கிழக்கின் அன்னம்” என்று அதற்குச் செல்லப் பெயர்.

1914-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மனி ஒரு பக்கம். இங்கிலாந்து, பிரான்சு, ரஷியா மறு பக்கம். ஜப்பானும் இங்கிலாந்துடன் சேர்ந்துகொண்டது.

கிழக்கே இருந்த ஜெர்மன் கப்பல் படை ஊருக்குத் திரும்பப் புறப்பட்டது. எம்டன் கப்பலின் தளபதி கார்ல் வான் முல்லர் ஒரு யோசனை சொன்னார்.

“என்னை மட்டும் தனியாக விடுங்கள். நான் இந்தியப் பக்கம் போகிறேன்” என்பதே அந்த யோசனை.

மேலதிகாரி சம்மதித்தார். நிலக்கரி ஏற்றிய ஒரு துணைக் கப்பலுடன் எம்டன் கிளம்பியது.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். தூரத்தில் பார்த்தாலே ஜெர்மன் கப்பல் என்று தெரிந்துவிடும். பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சிலவற்றுக்கு நான்கு புகைபோக்கிகள் உண்டு.

முல்லரின் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மரச் சட்டத்தின் மேல் கித்தான் துணியைக் கட்டி, நான்காவது புகைபோக்கி ஒன்றைச் செய்தார்கள். அதை நிறுத்தியதும் எம்டன் பிரிட்டிஷ் கப்பல் மாதிரி ஆகிவிட்டது!

5 நாளில் 6 கப்பல்

வங்காள விரிகுடா அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் வீட்டுக் குளம் மாதிரி. கல்கத்தா, சென்னை, ரங்கூன், கொழும்பு எல்லாம் வெள்ளைக்கார ஆட்சியில் இருந்தன. தேயிலை, சணல், நிலக்கரி ஏற்றிய கப்பல்கள் காவல் இல்லாமல் போய் வந்தன.

அந்தக் குளத்தில் முதலை புகுந்தது.

செப்டம்பர் 10-ந் தேதி வேட்டை தொடங்கியது. 14-ந் தேதிக்குள் 6 பிரிட்டிஷ் கப்பல்கள் கடலுக்கு அடியில் போய்விட்டன.

ஆனால், அந்த 6 கப்பல்களிலும் இருந்தவர்களில் ஒருவரைக்கூட முல்லர் கொல்லவில்லை. முதலில் கப்பலை நிற்கச் சொல்வார். அதில் உள்ளவர்களை எல்லாம் படகில் இறக்குவார். அதன் பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார்.

‘கபிங்கா’ என்ற கப்பலைப் பிடித்தபோது, அதன் கேப்டனுடன் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். முல்லர் அந்தக் கப்பலை மூழ்கடிக்கவில்லை. மற்றக் கப்பல்களில் பிடிபட்ட எல்லோரையும் அதில் ஏற்றினார். “கல்கத்தாவுக்குப் போங்கள்” என்று அனுப்பி வைத்தார்.

போகும்போது அந்தக் கைதிகள் எம்டனைப் பார்த்து மூன்று முறை வாழ்த்தொலி எழுப்பினார்கள். தங்கள் கப்பலை மூழ்கடித்த எதிரிக்கு வாழ்த்து!

இந்தியக் கடலில் கப்பல் போக்குவரத்து ஸ்தம்பித்தது. சரக்குகள் துறைமுகங்களில் தேங்கின. எம்டனைத் தேடிப் பல நாட்டுப் போர்க்கப்பல்கள் அலைந்தன. எம்டன் அகப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை இரவு

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி. செவ்வாய்க்கிழமை.

சென்னையில் இரவு 9 மணி தாண்டிவிட்டது. கடற்கரையில் விளக்குகள் எரிந்தன. கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. சென்னைக்கு ஆபத்து வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

இருட்டில், விளக்கு இல்லாமல், எம்டன் கரையை நெருங்கியது. இரண்டு மைலுக்கும் குறைவான தூரத்தில் வந்து நின்றது.

திடீரென்று கடலில் இருந்து ஒரு வெளிச்சம்! தேடும் விளக்கின் ஒளி கரையைத் துழாவியது. துறைமுகத்தின் அருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது விழுந்தது.

அடுத்த நிமிடம் பீரங்கிகள் முழங்கின.

அந்தக் காலத்தில் கிராமங்களில் மின்சாரம் ஏது? ஏழை வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அந்த எண்ணெய் பர்மாவில் இருந்து கப்பலில் வந்தது. எண்ணெயை எரித்தால் வெள்ளைக்கார அரசுக்கு நஷ்டம். ஊரெல்லாம் நெருப்பைப் பார்க்கும். பிரிட்டிஷாரின் பலத்தில் மக்களுக்கு இருந்த நம்பிக்கையும் குலையும். முல்லரின் கணக்கு அதுதான்.

மொத்தம் சுமார் 130 குண்டுகள். இரண்டு எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. வானம் சிவந்தது. வேறு தொட்டிகளும் சேதம் அடைந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வியாபாரக் கப்பலின் மீதும் குண்டுகள் விழுந்தன. ஐகோர்ட்டு வளாகத்தின் மதிலையும் ஒரு குண்டு தாக்கியது.

கரையில் இருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன. ஒரு குண்டுகூட எம்டன் மீது படவில்லை.

எம்டன் விளக்கை அணைத்தது. இருட்டில் மறைந்தது.

ஊரைக் காலி செய்த மக்கள்

மறுநாள் சென்னை கதி கலங்கியது.

“ஜெர்மன்காரன் மறுபடியும் வருவான்!” என்ற பேச்சு தெருவெல்லாம் பரவியது. ரயில் நிலையங்களில் கூட்டம் நெரிந்தது. ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் மாட்டு வண்டியில் போனார்கள். வண்டி கிடைக்காதவர்கள் நடந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சொந்த ஊரைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள்.

தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். சென்னையில் இருந்து சுமார் 300 கிலோ மீட்டர். சென்னையில் இருந்து சேலம் போகும் ரயில் மொரப்பூர் வழியாகப் போகும். மொரப்பூரில் இருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில் ஓடிய காலம் அது.

வானொலி கிடையாது. டெலிவிஷன் கிடையாது. இன்று போர்க்கப்பல்களின் கதையைச் சிறுவர்கள் கைப்பேசியில் படமாகப் பார்க்கிறார்கள். அன்று கதை வாய் வழியாகத்தான் ஊர் ஊராகப் போயிற்று. போகப் போகப் பெரிதாயிற்று.

எத்தனை பேர் சேர்ந்து தேடியும் பிடிக்க முடியவில்லையாம்! நினைத்த இடத்தில் வருமாம்! நினைத்த நேரத்தில் மறையுமாம்!

இப்படித்தான் கடலையே பார்க்காத ஊர்களிலும் “எம்டன்” என்றால் பலே கைகாரன், யாருக்கும் அகப்படாத சூரன் என்று பொருள் வந்தது.

வெள்ளைக்காரனை யாரும் அசைக்க முடியாது என்று மக்கள் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையில் முதல் கீறல் விழுந்தது அந்த இரவில்தான். அதனால், பயத்தோடு பயமாகக் கொஞ்சம் வியப்பும் கலந்துகொண்டது.

கப்பலில் தமிழர் இருந்தாரா?

எம்டன் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது.

செண்பகராமன் பிள்ளை 1891-ல் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே ஐரோப்பாவுக்குப் போனவர். அங்கே இருந்து இந்திய விடுதலைக்காகப் பாடுபட்டவர். அவர் பெரிய வீரர். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால், எம்டன் சென்னையைத் தாக்கிய அந்த செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தில் இருந்தார். பிறகு பெர்லினுக்குப் போனார். சீனாவில் இருந்து வந்த கப்பலில் அவர் இருந்திருக்க முடியாது.

அவருக்கு வேறு ஒரு போர்க்கப்பலுடன் உறவு உண்டு. அவர் 1934-ல் பெர்லினில் இறந்தார். சுதந்திர இந்தியாவின் போர்க்கப்பலான ‘ஐ.என்.எஸ். டெல்லி’ 1966-ல் அவருடைய அஸ்தியைத் தாயகத்துக்குக் கொண்டு வந்தது.

சண்டை நடப்பதே தெரியாத தீவு

சென்னையை விட்டு எம்டன் இலங்கைப் பக்கம் போனது. அங்கே மேலும் பல கப்பல்களைப் பிடித்தது. அவற்றில் ஒன்றில் நல்ல நிலக்கரி நிறைய இருந்தது. நிலக்கரி இல்லாவிட்டால் எம்டன் வெறும் இரும்புப் பெட்டி. எதிரியின் நிலக்கரியைக் கொண்டே எதிரியை வேட்டையாடினார் முல்லர்!

அக்டோபர் 9-ந் தேதி டீகோ கார்சியா என்ற தீவுக்குப் போனது எம்டன். இந்துமாக் கடலின் நடுவே இருக்கும் பிரிட்டிஷ் தீவு அது. அங்கே தபால் வருவது எப்போதோ ஒரு முறை. உலகப் போர் மூண்ட செய்தியே அந்தத் தீவுக்கு எட்டவில்லை!

தீவுக்காரர்கள் ஜெர்மானியரை விருந்தாளிகளாக வரவேற்றார்கள். தங்கள் மோட்டார் படகு பழுதாகிக் கிடக்கிறது என்றார்கள். எம்டன் ஆட்கள் அதைப் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ஆனால், அக்டோபர் 28-ந் தேதி நடந்தது விருந்து அல்ல. விடியும் நேரத்தில் எம்டன் பினாங்கு துறைமுகத்தில் புகுந்தது. அங்கே நின்ற ‘செம்சுக்’ என்ற ரஷியப் போர்க்கப்பலைத் தகர்த்தது. சுமார் 90 மாலுமிகள் மாண்டார்கள். அந்தக் கப்பலின் தளபதி அன்று இரவு கரையில் இருந்தார். தன் ஆட்கள் சாவதைக் கரையில் நின்றே பார்க்க வேண்டியதாயிற்று.

வெளியே வரும்போது ‘முஸ்கே’ என்ற பிரெஞ்சுக் கப்பலும் எதிர்ப்பட்டது. அதையும் எம்டன் மூழ்கடித்தது. பிறகு நின்று, தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கிக் காப்பாற்றியது.

அகப்பட்டது எப்படி?

1914 நவம்பர் 9-ந் தேதி, எம்டன் கோகோஸ் தீவுகளுக்குப் போனது. அங்கே பிரிட்டிஷாரின் தந்தி நிலையம் இருந்தது. அதை அழித்துவிட்டால் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் செய்தி தடைப்படும்.

துணைத் தளபதி ஹெல்முத் வான் மூக்கே, 50 பேருடன் தீவில் இறங்கினார். கம்பியில்லாத் தந்தியின் கம்பத்தை வெட்டிச் சாய்க்க வேண்டும்.

“எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் சாய்த்துவிடுங்கள்” என்று நிலையத்தார் கேட்டார்கள். ஜெர்மானியர் அப்படியே செய்தார்கள்!

ஆனால், நிலையத்தார் அதற்கு முன்பே ஒரு வேலை செய்துவிட்டார்கள். பொய்ப் புகைபோக்கியைக் கண்டதுமே சந்தேகப்பட்டார்கள். “அந்நியக் கப்பல் வந்திருக்கிறது” என்று செய்தி அனுப்பிவிட்டார்கள்.

அப்போது சுமார் 50 மைல் தொலைவில் ஆஸ்திரேலியப் போர்வீரர்களை ஏற்றிய கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குக் காவலாக வந்தது ‘சிட்னி’ என்ற போர்க்கப்பல். செய்தி கிடைத்ததும் சிட்னி திரும்பிப் பாய்ந்தது.

எம்டனைவிட சிட்னி பெரியது. வேகமும் அதிகம். எம்டனின் ஒரு குண்டு சுமார் 17 கிலோ. சிட்னியின் ஒரு குண்டு சுமார் 45 கிலோ!

முதலில் எம்டன்தான் குறி தவறாமல் அடித்தது. பிறகு சிட்னி விலகி நின்று அடிக்கத் தொடங்கியது. எம்டனின் புகைபோக்கிகள் சாய்ந்தன. பீரங்கிகள் ஒவ்வொன்றாக அடங்கின. கப்பல் முழுவதும் தீ.

மூழ்கினால் எல்லோரும் சாக நேரிடும். முல்லர் கப்பலை ஒரு தீவின் பவளப் பாறை மீது ஏற்றி நிறுத்தினார்.

ஒன்றரை மணி நேரச் சண்டை. எம்டனில் 130 பேருக்கு மேல் மாண்டார்கள். சிட்னியில் இறந்தவர்கள் 4 பேர்.

சிறைப்பட்ட முல்லரை ஆஸ்திரேலியர் மரியாதையுடன் நடத்தினார்கள். அவருடைய வாளை அவரே வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள்.

தீவில் இறங்கியிருந்த 50 பேர் என்ன ஆனார்கள்? அங்கே கிடந்த ‘ஆயிஷா’ என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறித் தப்பினார்கள்! கடலைத் தாண்டி, அரபு நாட்டுப் பாலைவனத்தைத் தாண்டி, 1915-ல் துருக்கியின் தலைநகரை அடைந்தார்கள். வழியில் சிலர் மாண்டார்கள்.

பெயர் இருக்கிறது, பெயர்கள் இல்லை

எம்டன் கதை மொத்தம் மூன்று மாதக் கதைதான். ஆனால், ஜெர்மனியில் அதன் புகழ் மங்கவில்லை. உயிர் பிழைத்த மாலுமிகள் தங்கள் பெயரோடு “எம்டன்” என்பதையும் சேர்த்துக்கொள்ள அந்த நாட்டு அரசு உரிமை கொடுத்தது. பின்னாலும் பல போர்க்கப்பல்களுக்கு அதே பெயரை வைத்தார்கள்.

சென்னையில் ஐகோர்ட்டு மதில் அருகே ஒரு கல்வெட்டு இருக்கிறது. எம்டன் குண்டு விழுந்த இடத்தை அது காட்டுகிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்கலாம்.

பின்னர் முல்லர் ஜெர்மனிக்குத் திரும்பினார். “உங்கள் வீரச் செயல்களைப் புத்தகமாக எழுதுங்கள்” என்று பலர் கேட்டார்கள். எழுதினால் பணம் கொட்டும். முல்லர் மறுத்துவிட்டார். இறந்துபோன தோழர்களின் இரத்தத்தைக் காசாக்குவது போல் இருக்கும் என்று காரணம் சொன்னார். 1923-ம் ஆண்டு, 49-வது வயதில் அவர் இறந்தார்.

முல்லர் மறக்காத ஒன்றை நாம் மறந்துவிட்டோம்.

செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தில் குறைந்தது 5 பேர் குண்டுக்குப் பலியானார்கள். அவர்கள் யாருடனும் சண்டைக்குப் போனவர்கள் அல்லர். வேலைக்கு வந்த இடத்தில் உயிரை விட்டவர்கள்.

கப்பலைப் பிடித்தால் முதலில் ஆட்களை இறக்கிவிடுவது முல்லரின் வழக்கம். அப்படிப்பட்டவரின் பீரங்கிக் குண்டுக்கும், இருட்டில் எண்ணெய்த் தொட்டி எது, ஏழைத் தொழிலாளி யார் என்று தெரியவில்லை. நல்ல மனிதன் நடத்தினாலும் போர் போர்தான்.

சுட்ட கப்பலின் பெயர் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. செத்தவர்களின் பெயர் யார் வாயிலும் இல்லை.

அடுத்த முறை வீட்டில் குறும்பு செய்யும் பையனை “எம்டன்” என்று பாட்டி செல்லமாகத் திட்டட்டும். அதில் தவறில்லை. பாட்டியின் மடியில் உட்கார வைத்து, அந்தக் கப்பலின் கதையையும் அவனுக்குச் சொல்லலாம்.

கதையின் முடிவில் அந்த 5 பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.